வகுப்பறை ஒழுங்கு குறித்து இங்கிலாந்தின் கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2023–24 கல்வியாண்டில் இங்கிலாந்தின் பாடசாலைகள் 954,952 தடவை பிள்ளைகளை இடைநிறுத்தி வீட்டுக்கு அனுப்பின. 10,885 தடவை நிரந்தரமாக நீக்கின. அதற்கு முந்திய ஆண்டில் இடைநிறுத்தங்கள் 786,961 ஆக இருந்தன. இவை தங்கள் துறையே வெளியிட்ட எண்ணிக்கைகள். இடைநிறுத்தங்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமாகப் பதியப்பட்டிருப்பது, வகுப்புக்குத் தொடர்ந்து இடையூறு விளைவித்த நடத்தை. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்துவிட்ட இந்தக் கணக்கைப் பலர் பிள்ளைகளின் குற்றப் பட்டியலாக வாசிக்கிறார்கள். கையிலிருந்த வழிகளெல்லாம் தீர்ந்துபோய், "வீட்டுக்குப் போ" என்பதைத் தவிர வேறு சொல் இல்லாத நிலைக்குப் பாடசாலைகள் எத்தனை தடவை வந்து நின்றன என்பதன் கணக்காகவே அதை நான் வாசிக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து படித்து, இலண்டனின் புறநகர் ஒன்றில் இடைநிலைப் பாடசாலையொன்றில் பல ஆண்டுகள் வகுப்பறை உதவியாளராக வேலை செய்தவள். இப்போது ஓர் ஆரம்பப் பாடசாலையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். என் பேரப்பிள்ளைகளும் இந்த நாட்டின் அரச பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். தங்களுக்கு எழுதும் மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதில் தங்களிடம் கேட்க வேண்டியவற்றோடு, தமிழில் வாசிக்கும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியவையும் சில இருப்பதுதான். தங்கள் அதிகாரம் இங்கிலாந்தோடு நின்றுவிடுகிறது என்பதை அறிவேன். ஆனால் ஸ்கொட்லாந்து அரசு 2023இல் வெளியிட்ட ஆய்வும் பிள்ளைகளின் நடத்தை முன்பைவிட மோசமாகியிருப்பதாகவே காட்டியது. எனவே இது ஒரு கட்சியின் ஆட்சிக்கோ ஓர் அமைச்சரின் கொள்கைக்கோ உரிய சிக்கல் அன்று.

முதலில் எந்த ஒழுங்கின்மையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செய்தித்தாள்கள் கத்தியைப் பற்றி எழுதுகின்றன. கத்தி ஒரு கொடுமை. ஆனால் பெரும்பாலான ஆசிரியர்களின் நாள்களை அரித்துத் தின்பது அது அன்று. பாடசாலைகளில் வன்முறை பெருகிவிட்டது என்ற கூச்சலின் நடுவே 1988இல் அமைக்கப்பட்ட எல்ரன் பிரபு தலைமையிலான குழு, 1989இல் தந்த அறிக்கையில் இதைத்தான் கண்டு சொன்னது: ஆசிரியரைத் தாக்குவது அரிது, ஓயாமல் நடப்பவை முறையின்றிப் பேசுவதும், அருகில் இருப்பவரின் வேலையைக் கெடுப்பதும், சத்தமிடுவதும்போன்ற சிறியவைதான். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2014இல், பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட் இதே சிறு இடையூறுகளால் சில பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் வரை கற்றலை இழப்பதாக எழுதியது. 2023 மே மாதம் தங்கள் துறை நடத்திய கருத்தாய்வில், பாட நேரத்தின் ஒவ்வொரு 30 நிமிடத்திலும் சராசரியாக 7 நிமிடம் தவறான நடத்தையால் வீணாகிறது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆகவே நமக்கு இது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நோய்.

நான் வேலை செய்த காலத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் மாறியது, பிள்ளை செய்யும் தவறு அன்று. தவறு சுட்டப்படும்போது அது தரும் மறுமொழி. பேசாதே என்றால் முன்பு முணுமுணுத்துக்கொண்டாவது அடங்குவார்கள். பின்னாளில், நான் பேசவில்லை என்று நேராக முகத்தைப் பார்த்து மறுப்பதும், மற்றவர்களைச் சாட்சிக்கு இழுப்பதும், ஏன் என்னை மட்டும் சொல்கிறீர்கள் என்று விவாதிப்பதும் வழக்கமாயின. அந்த விவாதம் முடிவதற்குள் ஆசிரியர் எந்த வாக்கியத்தில் நிறுத்தினார் என்பது அவருக்கே மறந்துவிடும். ஒழுங்காக இருக்கும் இருபத்தைந்து பிள்ளைகளும் அதுவரை காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக யாரும் மடல் எழுதுவதில்லை. பாட நடுவில் கழிப்பறைக்குப் போகும் மாணவி அங்கிருந்தே தாய்க்குச் செய்தி அனுப்ப, நடந்ததை ஆசிரியர் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னரே தாயின் கோபமான தொலைபேசி அழைப்பு அலுவலகத்துக்கு வந்துவிடும். ஆசிரியரின் சொல்லுக்கு இருந்த மதிப்பைப் பிள்ளை தானாகக் குறைக்கவில்லை. வளர்ந்தவர்கள் அதைக் குறைத்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இந்தப் பேச்சு தொடங்கினாலே, பாடசாலைகளில் பிரம்படியை நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒருவர் சொல்வார். என் சமூகத்தில் இது மிகுதி. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்ற பழமொழியோடு சேர்த்துச் சொல்வார்கள். என் தலைமுறை ஆங்கிலேயர்கள் பலரும் இதே கருத்தை வேறு சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1986இல் நாடாளுமன்றத்தின் கீழவை ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில்தான் பிரம்பை நிறுத்தத் தீர்மானித்தது. அச்சட்டம் 1987 முதல் அரச பாடசாலைகளில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு வாக்கு சரியான பக்கமே விழுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரம்பு இருந்த பாடசாலையில் படித்தவள் நான். அங்கே அடி வாங்கியவர்கள் ஆண்டு முழுவதும் அதே நான்கைந்து பேர்தான். அடி அவர்களைத் திருத்தியிருந்தால் பெயர்கள் மாறியிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு விளைவுக்குக் காரணம் சொல்பவர் காலத்தையும் பொருத்திக் காட்ட வேண்டும். பிரம்பு போன பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, மேலே சொன்ன சிறு இடையூறுகள் இருந்தபோதும், இந்நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகள் ஓரளவு ஒழுங்காகவே நடந்தன. ஆசிரியர்கள் இன்று சொல்லும் சரிவு 2020க்குப் பின்னர்தான் செங்குத்தாகிறது. அந்தச் சரிவுக்கு 1987இல் காரணம் தேடுவது பொருந்தாது.

2020 மார்ச் 20ஆம் திகதி பாடசாலைகள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூடப்பட்டன. 2021 ஜனவரியில் மீண்டும் மூடப்பட்டு மார்ச் 8ஆம் திகதி திறந்தன. நோய்ப் பரவலைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அதை இங்கே நான் வழக்காட வரவில்லை. ஆனால் பாடசாலைக்குப் போவது கேள்விக்கு அப்பாற்பட்ட கடமை என்ற, எங்கும் எழுதப்படாத உடன்பாடு அந்த மாதங்களில் அறுந்தது. பின்னர் எவரும் அதைத் திரும்ப முடிச்சுப் போடவில்லை. பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிடும் பிள்ளைகள் 2018–19இல் 10.9 வீதமாக இருந்தார்கள். 2021–22இல் அது 22.5 வீதம். 2023–24இலும் 20 வீதத்தில் நின்றது. ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை.

வரவுக்கும் ஒழுங்குக்கும் உள்ள தொடர்பை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கிழமைக்கு மூன்று நாள் வரும் பிள்ளைக்கு, திரும்பி வரும் நாளில் எந்தப் பக்கம் நடக்கிறதென்று தெரியாது. நேற்றைய சோதனை பற்றி நண்பர்கள் பேசுவதும் விளங்காது. தெரியாது என்று கையுயர்த்திச் சொல்வது பதின்மூன்று வயதில் எவ்வளவு கடினம் என்பதை வளர்ந்தவர்கள் மறந்துவிடுகிறோம். வாசிக்கவே முடியாத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். எட்டாம் ஆண்டு, ஒன்பதாம் ஆண்டு வகுப்புகளில் பக்கத்தில் அமர்ந்து நான் உதவிய பையன்களில் சிலர், பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைத் தாமாக வாசித்து முடிக்க முடியாதவர்கள். சத்தமாக வாசிக்கும் முறை தங்களை நோக்கி வரிசையாக நகர்ந்து வருவதைக் கணக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பேர் தள்ளி வந்ததும் கதிரை விழும், அல்லது பக்கத்துப் பையனின் பேனா பறக்கும், அல்லது ஆசிரியரை நோக்கி ஒரு கெட்ட வார்த்தை வரும். வெளியே போ என்ற கட்டளை அவர்களுக்குத் தண்டனையாகத் தெரிவதில்லை; காப்பாற்றப்பட்டதாகவே உணர்கிறார்கள். பதிவேட்டில் அது "தொடர்ந்த இடையூறு" என்று ஏறும். வாசிப்பு பற்றி அதில் ஒரு சொல்லும் இராது.

பிள்ளைகளின் வரவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், வளர்ந்தவர்களின் வரவைப் பற்றிப் பேசுவதில்லை. அரச பாடசாலைகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியேறிவிடுகிறார். மரியாதை என்பது பதவிக்குத் தானாகக் கிடைக்கும் என்று எண்ணியிருந்தால், ஓர் ஆசிரியர் போய் இன்னொருவர் வருவதில் பெரிய இழப்பு இல்லை. அது அப்படிக் கிடைப்பதில்லை. ஒரே கல்வியாண்டில் விஞ்ஞானப் பாடத்துக்கு மூன்று பதில் ஆசிரியர்களைக் கண்ட வகுப்பில் நான் இருந்திருக்கிறேன். மூன்றாமவர் வந்தபோது பிள்ளைகள் அவருடைய பெயரைக் கேட்கவுமில்லை. அவருக்கும் அவர்களில் பாதிப் பேரின் பெயர் கடைசி வரை தெரியவில்லை. பெயர் தெரியாத ஒருவர் இடும் கட்டளைக்கு அடங்கும்படி பிள்ளைகளைக் கேட்கிறோம். நமக்குள் எத்தனை பேர் அதைச் செய்வோம்?

சனிக்கிழமைகளில் வாடகை மண்டபங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் நடக்கும் எங்கள் தமிழ்ப் பாடசாலைகளில், கிழமை நாள்களில் அடங்காதவர்கள் என்று பெயரெடுத்த பிள்ளைகள் சிலரை நான் பார்ப்பதுண்டு. அங்கே அவர்கள் முற்றாக மாறிவிடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். சத்தம் அங்கும் உண்டு, கைத்தொலைபேசி அங்கும் உண்டு. இரண்டு மூன்று மணிநேர வகுப்பை ஐந்து நாள் பாடசாலையோடு ஒப்பிடுவது நீதியும் ஆகாது. ஆயினும் ஆசிரியர் ஒரு பார்வை பார்த்தால் பிள்ளை தலையைக் குனிகிறது. அந்த ஆசிரியருக்குச் சம்பளமும் இல்லை, தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. பிள்ளையின் தமக்கைக்கும் அவரே படிப்பித்திருக்கிறார், தாயைக் கடையில் காண்கிறார், அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பார் என்பது மட்டுமே அவருடைய பலம். முன்னொரு காலத்தில் இந்நாட்டின் சிறு நகரப் பாடசாலைகளிலும் ஆசிரியருக்கு இந்தப் பலம் இருந்தது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் பாடசாலையிலிருந்து ஒரு மணிநேரப் பயணத் தூரத்தில் வசிக்கும் இளம் ஆசிரியருக்கு இன்று அது கிடைப்பதில்லை.

இடைநிறுத்தத்துக்கு வருகிறேன். அடிக்கப்பட்ட, அச்சுறுத்தப்பட்ட ஆசிரியர் மறுநாள் காலை அதே பிள்ளையின் முன் நிற்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. நிரந்தர நீக்கத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று கேட்போரின் இரக்கத்தை மதிக்கிறேன். அவர்களோடு உடன்படமாட்டேன், ஏனெனில் அந்த வகுப்பில் மீதி இருக்கும் பிள்ளைகளும் இரக்கத்துக்கு உரியவர்களே. ஆனால் சிறு இடையூறுகளுக்கு அடுக்கடுக்காகத் தரப்படும் ஒருநாள், இருநாள் இடைநிறுத்தங்கள் வேறு வகை. முதல் ஐந்து நாள்களுக்குப் பாடவேலை கொடுத்து விடைகளைத் திருத்துவதற்கு மேல் பாடசாலைக்குக் கடமை இல்லை. ஆறாம் நாளிலிருந்துதான் வேறு கல்வி ஏற்பாடு செய்தாக வேண்டும். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை அந்த ஒருநாளில் என்ன செய்கிறது? பெரும்பாலும் கட்டிலில் படுத்துக் கைத்தொலைபேசி பார்க்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளை மேலும் ஒருநாள் பின்தங்குகிறது. இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விகிதத்தில் இடைநிறுத்தப்படுகிறார்கள் என்பதையும் தங்கள் துறையின் கணக்கே காட்டுகிறது.

கடுமையான ஒழுங்குக்குப் பெயர்பெற்ற பாடசாலைகளைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முழுமையாகாது. வெம்பிளியில் 2014இல் தொடங்கப்பட்ட மைக்கேலா பாடசாலையில் நடைக்கூடங்களில் பிள்ளைகள் பேசாமல் நடக்கிறார்கள். அதன் தேர்வு முடிவுகள் நாட்டின் முதல் வரிசையில் உள்ளன. அதைப் போற்றுவோரும் பழிப்போரும் அந்த மௌனத்தையே பேசுகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, எல்லா வளர்ந்தவர்களும் ஒரே விதியை ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகக் கடைப்பிடிப்பது என்று நான் நினைக்கிறேன். திங்கட்கிழமை ஓர் ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்டதற்குச் செவ்வாய்க்கிழமை இன்னோர் ஆசிரியர் வீட்டுக்கு விடாமல் தண்டனையாக மறித்துவைத்தால், பிள்ளை அதிலிருந்து கற்பது விதியை அன்று, அதிர்ஷ்டத்தை. இந்த ஒருமையை மௌனம் இல்லாமலும் கொண்டுவரலாம்.

விதி என்ற பெயரில் பிள்ளையின் கண்ணியத்தைத் தொடுவதும் பலன் தராது. 2023 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பல பாடசாலைகளில் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பாட நேரத்தில் கழிப்பறைகளைப் பூட்டியது அதற்கு முக்கியமான ஒரு காரணம். அந்தக் காட்சிகள் டிக்டொக் வழியாகப் பரவி, மற்றப் பாடசாலைகளையும் தொற்றின. கதவுகளை உடைத்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாதவிடாய் நாளில் ஒரு பெண்பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் அனுமதி கேட்டு மறுக்கப்படுவாளானால், அந்தப் பாடசாலையின் மற்ற விதிகளையும் அவள் அநீதியாகவே பார்ப்பாள். அதே டிக்டொக்கில் 2021 இலையுதிர் காலத்தில் ஆசிரியர்களின் படங்களை எடுத்து இழிவுபடுத்தும் கணக்குகள் பெருகின. ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பிய பின்னரே நிறுவனம் நடவடிக்கை எடுத்தது. தன் முகம் எந்த நேரமும் கேலிப் பொருளாகலாம் என்ற அச்சத்தோடு வகுப்பில் நிற்கும் ஒருவர் எப்படி உறுதியாக நிற்பார்? 2024 பெப்ரவரியில் தங்கள் துறை பாடசாலை நேரத்தில் கைத்தொலைபேசியைத் தடைசெய்யுமாறு வழிகாட்டியது. நல்ல வழிகாட்டல். அதை நடைமுறைப்படுத்த, ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் காலையில் வாசலில் நின்று அவற்றை வாங்கிவைத்து மாலையில் திருப்பிக் கொடுக்க ஆள்கள் வேண்டும். அந்த ஆள்களுக்குரிய பணத்தை வழிகாட்டல் கொண்டுவரவில்லை.

இனி, இதை வாசிக்கும் எங்கள் பெற்றோரிடம் சில சொற்கள்; அமைச்சர் பொறுத்தருள வேண்டும். "இந்த நாட்டுப் பிள்ளைகள்" என்று பிறரைச் சுட்டிப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். மறித்துவைக்கப்படும் பிள்ளைகளின் பட்டியலில் நம் வீட்டுப் பெயர்களும் இருக்கின்றன. ஆசிரியரிடம் போய் "நீங்கள் அடித்தாலும் பரவாயில்லை" என்று சொல்வது அவருக்கு உதவாது. அவரால் சட்டப்படி செய்ய முடியாததைச் சொல்லி, நம் பொறுப்பை அவர்மீது இறக்கிவிடுகிறோம். அதற்கு நேர்மாறாக, வட்ஸ்அப் குழுவில் ஆசிரியரைத் திட்டி எழுதுவதைப் பிள்ளை நம் தோளுக்கு மேலால் வாசிக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு இன்னொரு துன்பம் உண்டு. நடத்தை பற்றிய முறைப்பாட்டைச் சொல்ல ஆசிரியர் அழைக்கும்போது, மொழிபெயர்ப்பதற்கு அந்தப் பிள்ளையையே பக்கத்தில் இருத்துகிறார்கள். முறைப்பாட்டில் எவ்வளவு தாயின் காதுக்கு வந்து சேர்கிறது என்பது பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

அமைச்சர் அவர்களே, இதில் ஒரு பகுதி தங்கள் கையில் இருக்கிறது: நடத்தை பற்றிய எந்தச் சந்திப்பிலும் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது என்று விதியாக்கி, தொலைபேசி வழியிலாவது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எல்லாப் பாடசாலைகளுக்கும் கிடைக்கச் செய்யுங்கள். இதற்குப் பெரிய தொகை தேவையில்லை.

பெரிய தொகை தேவைப்படுபவையும் உண்டு. நான்கு வயதில் முறைவரும் வரை காத்திருக்கவும் ஓரிடத்தில் இருக்கவும் பழகாமல் வரும் பிள்ளைகளை எங்கள் ஆரம்பப் பாடசாலையில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் பார்க்கிறோம். 1990களின் இறுதியில் தொடங்கிய, சிறு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் ஷுவர் ஸ்டார்ட் (Sure Start) மையங்கள் 2010இல் நாடெங்கும் ஏறத்தாழ 3,600 இருந்தன; அதன் பின்னர் அவற்றில் பெரும் எண்ணிக்கை மூடப்பட்டன அல்லது பெயருக்கு மட்டும் இயங்கின. இளந்தாய் ஒருத்திக்குத் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்க ஓர் இடமும், கேட்பதற்குப் பழகிய ஒரு முகமும் அங்கே இருந்தன. தங்கள் அரசு அறிவித்திருக்கும் குடும்ப மையங்கள் அந்த இடத்தை நிரப்ப வேண்டுமானால், கட்டடத்தைவிட அதில் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் ஊழியர்களை முதலில் எண்ணிப் பாருங்கள்.

இடைநிலைப் பாடசாலைகளிலும் அதுவே தேவை. பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் ஊழியர்களும் வகுப்பறை உதவியாளர்களுமே வரவு செலவுத் திட்டம் இறுகும்போது முதலில் வெட்டப்படுகிறார்கள்; காலையில் அழுத முகத்தோடு வரும் பிள்ளையை முதல் மணிக்கு முன்னரே கண்டு, வகுப்பில் வெடிக்கப்போவதைத் தடுப்பவர்களும் அவர்களே. ஏழாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளில் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் தனியாக வாசிப்புப் பயிற்சி கொடுக்க நிதி ஒதுக்கப்படுமானால், ஒன்பதாம் ஆண்டின் இடைநிறுத்தங்கள் குறையும் என்று அவர்களோடு இருந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இறுதியாக, தங்கள் துறை வெளியிடும் ஆண்டுக் கணக்கோடு மேலும் இரண்டு விவரங்களைச் சேர்த்து வெளியிடுமாறு கோருகிறேன். இடைநிறுத்தப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேரின் வாசிப்பு அவர்களுடைய வயதுக்குக் கீழே இருந்தது என்பது ஒன்று. இடைநிறுத்தம் நடந்த பாடத்துக்கு அந்தக் கல்வியாண்டில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்பது மற்றது. இவை இரண்டும் பாடசாலைகளின் கையில் ஏற்கெனவே இருக்கும் தகவல்கள்; ஒன்று சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். இந்தக் கோரிக்கையை ஏற்க இயலுமா, இயலாதெனில் எக்காரணத்தால் என்பதை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆரம்பப் பாடசாலை நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்,
இலண்டன்